அவர் பெயர் ஒட்டிய குப்பி

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம். காதைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. நீ, உன் வீட்டுக்காரி, விடுதியில் இருக்கும் என் மருமகள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் கூப்பிடலாமே என்று முணுமுணுப்பாய். இருபத்திரண்டு வருஷம் பாட்டில் கம்பெனியில் நின்றவளுக்குப் போனை எடுத்தால் கண்ணாடி உருளும் சத்தம்தான் கேட்கிறது. செய்தி அனுப்பினாலோ ஒரு கட்டைவிரல் படத்தைக் காட்டிவிட்டு நழுவுகிறாய். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நீ. கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. உட்கார்ந்து பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உனக்கு ஐம்பது முடிந்தது. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு தடித்த பை வந்திருக்கும். உள்ளே சின்னக் குப்பி, அதன் மூடியில் ஒரு குச்சி, திருப்பி அனுப்ப ஓர் உறை. மலத்தில் குச்சியை நாலு இடத்தில் தொட்டு, குப்பிக்குள் விட்டு மூடி, தேதி எழுதித் தபாலில் போட வேண்டும். இவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சிரிக்காதே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் சிரித்துக்கொண்டேதான் அனுப்பினேன். பட்டாணி அளவுக்குச் சதை வளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து வெட்டி எடுத்தார்கள். விட்டிருந்தால் ஐந்தாறு வருஷத்தில் என்ன ஆகியிருக்கும் என்று அந்த டாக்டர் சொன்னதை நான் யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. அப்பா ஒரு வருஷம் "வயிறு சரியில்ல, வயிறு சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே லாரி ஓட்டியதை நீயும் பார்த்தாய். ஐம்பத்து நாலில் போய்விட்டார்.

பையை அனுப்பிவிட்டு எனக்கு எழுது. உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம், மகளும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

பை வந்துவிட்டது. என் ஐம்பதாவது பிறந்தநாளை ஞாபகம் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர், நீயும் சுகாதாரத் துறையும். நீ சட்டை அனுப்பினாய். அவர்கள் குச்சி அனுப்பினார்கள். குப்பியின் மேல் என் பெயரும் பிறந்த தேதியும் அச்சடித்து ஒட்டியிருக்கிறது. அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். தினமும் பால் எடுக்கும்போது நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்.

டிப்போவில் ஏழு பேருக்கு வந்திருக்கிறது. டைம்கீப்பர் சொல்கிறார், "சும்மா இருக்கறவன தேடிப் புடிச்சு நோயாளி ஆக்கறதுக்குத்தான்யா இது. ஒருதடவ மாட்டினா ஸ்டீரிங்க தொட விடமாட்டான்." ஒருவர் மட்டும் அனுப்பினாராம். ஒன்றுமில்லை என்று பதில் வந்ததாம். நாங்கள் அவருக்கு 'சுத்தம்' என்று பெயர் வைத்துவிட்டோம். "சுத்தம், பத்தாம் நம்பர் பஸ்ஸ எடு" என்றால் கோபப்படாமல் எடுக்கிறார்.

எனக்கு ஒன்றுமில்லை அக்கா. லிஃப்ட் கெட்டுக் கிடக்கிறது, மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறுகிறேன். அவள்தான் இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். கேட்டால், "விடிஞ்சதுலேர்ந்து பேக்கரில மாவு மூட்டை தூக்கறவளுக்கு இளைக்காதா" என்கிறாள். நான் முதலில் போய்க் கதவைத் திறந்து வைக்கிறேன். வயசு நாற்பத்தாறுதான், ஆனால் கிழவி மாதிரி ஏறுகிறாள் என்று கேலி பண்ணினேன். சிரித்தாள்.

பையைப் பற்றி யோசிக்கிறேன். அவசரம் ஒன்றுமில்லையே? நீ குளிரில் வெளியே அலையாதே.

உன் தம்பி

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நலமா?

நீ அடுத்தடுத்துப் போட்ட இரண்டு கடிதங்களும் கிடைத்தன. இரண்டாவதில் நீ திட்டியதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்க அக்கா விடமாட்டாங்க. அனுப்பித் தொலைங்க" என்றாள்.

சரி, உனக்கு நல்ல செய்தி. பை போய்விட்டது. நேற்றே தபாலில் போட்டாகிவிட்டது. தேதி எழுதி, மூடியை 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி, உறையை ஒட்டி, எல்லாம் முறைப்படி. இனி என்னை நிம்மதியாகப் பஸ் ஓட்ட விடு.

வேறு விசேஷம் இல்லை. எழுதுவதற்கும் நேரம் இல்லை.

உன் தம்பி

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

உன் மூன்று கடிதங்களுக்குப் பதில் போடாதது தப்புதான். ஏப்ரல் ஒன்பதாம் தேதியே முடிவு வந்துவிட்டது. மாதிரியில் ரத்தம் இருந்ததாம். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் மூலமாகவோ சின்னப் புண்ணாகவோதான் இருக்கும், இருந்தாலும் உள்ளே பார்த்துவிடுவது நல்லது என்று எழுதியிருந்தார்கள். பரிசோதனை நிலையத்தில் ஒரு நர்ஸைப் போய்ப் பார்த்தேன். சின்ன அறை. ஜன்னலோரம் ஒரு தொட்டிச்செடி. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ரொம்பப் பொறுமையாகப் பேசினாள். "எதாவது கேக்கணுமா? எதுவா இருந்தாலும் கேளுங்க" என்று மூன்று தடவை சொன்னாள். ஒன்றுமில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் நாலாம் தேதி கேமராக் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். கொலோனோஸ்கோபி என்று காகிதத்தில் போட்டிருக்கிறது. மயக்க மருந்து தருவதால் கூட ஒருவர் வர வேண்டுமாம். அவள் லீவு போட்டு வருகிறாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தப் பையை ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஏன் அனுப்புவதில்லை? நோய்க்கு வயசு தெரியுமா? மூலம் இருந்தாலே ரத்தம் காட்டும் என்கிறார்களே, அது எத்தனை பேருக்கு? நூற்றில் தொண்ணூறு பேருக்கா? உனக்கு அந்தச் சதை இருந்தபோது மூச்சு வாங்கியதா? முகம் வெளுத்ததா?

சும்மா கேட்கிறேன். டிப்போவில் ஒருவர் விசாரித்தார்.

முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொள்கிறாயா?

உன் தம்பி

மே 25

என் அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நான் நலம், என்னை விடு. நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஐந்து வாரமாக இதை மனசில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாய். டிப்போவில் ஒருவர் விசாரித்தாராம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே. அந்தக் கேள்விகள் யாருடையவை என்று எனக்குத் தெரியாதா? பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று எழுது. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான்.

எனக்கு மூச்சு வாங்கவில்லை, முகமும் வெளுக்கவில்லை. ஒரு அறிகுறியும் இல்லாதபோதே பிடித்துவிடுவதற்குத்தான் இந்தப் பரிசோதனை. உனக்கும் அப்படி எதுவும் இல்லை என்றுதானே எழுதினாய்? மூன்று மாடி ஒரே மூச்சு? அப்புறம் என்ன?

முதல் நாள் குடலைக் கழுவ ஒரு மருந்து தருவார்கள். உப்புத் தண்ணீரில் ஆரஞ்சுப் பழத்தை வேண்டாவெறுப்பாகக் காட்டின மாதிரி இருக்கும். குளிரவைத்துக் குடி. குடித்த பிறகு வாசல் பக்கமே போகாதே, கழிப்பறைதான் உன் வீடு. பெரிய பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வை. அவளைப் பக்கத்தில் இருக்கச் சொல்.

அவளிடம் எல்லாம் பேசுகிறாய்தானே? நல்ல பெண் அவள். மறைக்காதே.

முடிந்ததும் ஒரு வரி போடு. அதுவரை எனக்குத் தூக்கம் இல்லை.

உன் அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமாக இரு.

பரிசோதனை முடிந்தது. ஒன்றுமே இல்லையாம். ஆரம்பம் முதல் கடைசிவரை சுத்தம். உன் தம்பியின் குடலை ஒரு டாக்டர் டிவியில் பார்த்துவிட்டு, "பாடப் புத்தகத்துல போடலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் பச்சை நாற்காலிகள் இரண்டு வரிசை. என் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். பையை மடியில் வைத்து, அதன் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பெரியவர் தன் மனைவிக்குக் குறுக்கெழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். உள்ளே போய் அந்தச் சட்டையைக் கழற்றத்தான் போகிறேன் என்று இருவருக்கும் தெரியும்.

மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் வந்து அவளிடமும் என்னிடமும் சேர்த்தே சொன்னாள், "ஒண்ணும் இல்லீங்க. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. நர்ஸ் என் தோளைத் தட்டிவிட்டு, "இப்படித்தான் நெறைய பேர் அழுவாங்க, நிம்மதியில" என்றாள்.

வேறு ஒன்றுமில்லை.

உன் தம்பி

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் நூறு ஆசிகள். நான் சுகம். இப்போதுதான் உண்மையாகவே சுகம்!

உன் கடிதம் வந்த அன்று வேலை செய்யும் தையல் கடையில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். "என்ன விசேஷம்?" என்றார்கள். "என் தம்பி குடல் சுத்தம்" என்றேன். காது கேட்காதவள் எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வாள். ஜிப் மாற்ற வந்திருந்த பெண் கேக்கை வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நல்ல செய்தியை இழவு வீட்டிலிருந்து எழுதின மாதிரி ஏன் எழுதியிருக்கிறாய்? கடிதத்தில் ஒரு சிரிப்புக்கூட முழுசாக இல்லை. ரத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாயா? மூலம் இருக்கிறதா? அதைப் பற்றி ஒரு வார்த்தை காணோம். அவள் சொன்னதையும் ஒன்றிரண்டு எழுதுவாயே, இந்தத் தடவை அதுவும் இல்லை. இருவருக்கும் சண்டையா?

பதில் போடு.

உன் அக்கா

ஜூலை 21

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். எங்கள் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்தக் குப்பியில் போனது என்னுடையது இல்லை. அவளுடையது.

மார்ச்சில் உன் இரண்டாவது கடிதத்தை வாசித்துக் காட்டினேன் என்று எழுதினேன் அல்லவா, அன்றைக்குத்தான். அவள் சிரித்ததும் நான் விளையாட்டாகச் சொன்னேன், "நீயே போட்டு அனுப்பிடேன். நாம ரெண்டு பேரும் ஒரே சாப்பாடுதானே சாப்பிடறோம்." அவள் முதலில், "அய்யே, போங்க" என்றாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ரிட்ஜ் மேலிருந்த பையை எடுத்துக்கொண்டு போனாள். பத்து நிமிஷத்தில் உறையை ஒட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "இந்தாங்க, உங்க அக்காவுக்கு வாயடைக்க" என்றாள். நான் போய்த் தபால் பெட்டியில் போட்டேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனேன்.

எல்லோரிடமும் அருவருப்பு என்று சொல்லித் திரிந்தேன். அருவருப்பு இல்லை அக்கா, பயம். அப்பாவைப் போல ஒருநாள் ஸ்டீரிங்கிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயம்.

ஏப்ரலில் அந்தக் கடிதத்தை வாசலிலேயே பிரித்துப் படித்தேன். என் பெயர் போட்டு, என் முகவரி போட்டு, அவள் உடம்பைப் பற்றி வந்த கடிதம். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேன். அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்றேன். நர்ஸிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். மூன்று தடவை வாய்ப்புக் கொடுத்தாள் அவள். ஏமாற்றியவன் என்று எழுதிக்கொள்வாளே என்று நினைத்தேன். எவ்வளவு அற்பமான நினைப்பு பார். அப்புறம் எல்லாம் தானாக ஓடியது. நாள் குறித்தார்கள், மருந்து வந்தது, குடித்தேன், படுத்தேன். வேறொருத்தி உடம்பில் இருப்பதை என் உடம்பில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள்.

அவளிடம், "அவங்க மெஷின் தப்பா காட்டியிருக்கு" என்று சொல்லிவைத்தேன். அவள், "அப்படியா" என்றாள். அவ்வளவுதான்.

முந்தாநாள் அவள் முதல் மாடியிலேயே நின்றுவிட்டாள் அக்கா. படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

எப்படிச் சொல்வது? நீ சொல்.

தம்பி

ஜூலை 25

டேய்,

சுகம் விசாரிக்கிற நேரமா இது?

எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்கிறாய். வாயால் சொல். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த அன்றே, வந்த மணி நேரத்திலேயே சொல். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாலும் சரி, யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் சரி. சொல்லி முடித்ததும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அங்கே அவள் பெயரைச் சொல், அவள் வயசைச் சொல், நீ செய்ததையும் சொல். உன் மானம் ஒன்றும் மருந்து இல்லை, வீட்டில் பத்திரமாக வைத்திருப்பதற்கு.

மேலே எழுதினால் தகாததை எழுதிவிடுவேன். சனிக்கிழமைக்குள் சொல்லிவிட்டேன் என்ற செய்தி வரவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை உன் வாசலில் நிற்பேன். அதற்குக் கட்டைவிரல் படம் போதாது.

அக்கா

அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உங்கள் தம்பி வீட்டுக்காரி எழுதுகிறேன். முறைக்கு உங்களை அண்ணி என்றுதான் கூப்பிட வேண்டும். அக்கா என்றே பழகிவிட்டது.

நீங்கள் ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. குடலில் கட்டியை வெட்டின இடம் ஆறிவிட்டது. எடுத்த பன்னிரண்டு நிணநீர் முடிச்சுகளில் ஒன்றில் மட்டும் நோய் இருந்ததாகச் சொன்னார்களே, அதற்காக ஆறு மாதத்துக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். உள்ளங்கை எரிகிறது. மாவு பிசைந்த கைக்கு இது பெரிய வலி இல்லை. மகள் வாராவாரம் வந்து என்னை அதட்டிவிட்டுப் போகிறாள், உங்களைப் போலவே.

நீங்கள் இங்கே இருந்த பதினைந்து நாளும் உங்களிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். காது கேட்காதவர்களிடம் ரகசியம் சொல்வதென்றால் மூன்று மாடிக்கும் கேட்குமே. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூலை இருபத்தொன்பதாம் தேதி நடந்ததை அவர் உங்களுக்கு எப்படிச் சொன்னாரோ. மதியம் பேக்கரிக்கு எதிரே பஸ் வந்து நின்றது. அது நிறுத்தமே இல்லை. பஸ் நிறைய ஆட்கள். இவர் இறங்கி, யூனிஃபார்மோடு கடைக்குள் வந்து, ரொட்டித் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கையில் உங்கள் கடிதம். "அந்தக் குப்பியில ரத்தம் இருந்துச்சு. உன்னோடதுல. ஏப்ரல்லயே தெரியும் எனக்கு" என்றார். என் முழங்கைவரை மாவு. வெளியே யாரோ ஜன்னல் வழியாகக் கத்தினார், "டிரைவர் சார், பன்னு வாங்கி முடிச்சாச்சா?" இவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் எழுப்பி, "போய் ஜனங்கள எறக்கி விட்டுட்டு வாங்க. நான் துணி மாத்திட்டு நிக்கறேன்" என்றேன். அதற்காக அவருக்கு மெமோ கொடுத்தார்கள், அது உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது இது. அன்றைக்கு அவர் சொன்னபோது எனக்கு அது புதுச் செய்தி இல்லை. ஏப்ரல் ஒன்பதாம் தேதி அவர் குளிக்கப் போனபோது, சட்டையைத் துவைக்கப் போட எடுத்தேன். பையில் கடிதம் இருந்தது. படித்தேன். பழைய மடிப்பு மாறாமல் மடித்து வைத்துவிட்டேன்.

குளித்துவிட்டு வந்து சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொல்லாதவரைக்கும் அது அவர் பெயரில் வந்த கடிதம்தானே, எனக்கு வந்தது இல்லையே என்று ஒரு குருட்டு நியாயம். அதற்கு முந்தைய வருஷத்திலிருந்தே அவ்வப்போது ரத்தம் பார்த்திருந்தேன் அக்கா. மூலம் என்று நானே பெயர் வைத்து, நானே மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டேன். கடிதத்தைப் படித்ததும் இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுகூட, இப்போது சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் பெயரைக் கூப்பிட்டபோது நானே எழுந்து, "அது நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பிவைத்தேன். எனக்காக ஒருவர் உள்ளே போய்ப் படுத்துவிட்டு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதுபோல. நர்ஸ் ஒன்றுமில்லை என்றதும் அவர் அழுதார். ஏன் அழுகிறார் என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அவர் இப்போது என்னைப் பார்க்கும் ஒவ்வொரு பார்வையிலும் குற்றவாளியாக நிற்கிறார். வீட்டில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை. தண்ணீர் வேண்டுமா, தலையணை வேண்டுமா என்று சுற்றிக்கொண்டே இருக்கிறார். நான் பேசாமல் அவர் பாவத்தில் சாய்ந்துகொண்டு படுத்திருக்கிறேன். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

உங்கள் முழங்காலைக் கவனியுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி வீட்டுக்காரி

அக்டோபர் 15

கண்ணே,

உன் எரிகிற உள்ளங்கைக்கு என் அன்பு. நான் நலம்.

அவனிடம் நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ரகசியத்துக்கு என் வீட்டில் இடமில்லை, உனக்கே திருப்பி அனுப்புகிறேன். அதை நீதான் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே கடிதத்தை ஆளுக்கொரு பக்கம் மறைத்து வைத்துக்கொண்டு நாலு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள். இன்னொரு நாலு மாதம் வேண்டாம்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. குற்றம் சொல்வதென்றால், தம்பி தம்பி என்று அவன் குடலுக்காகவே ஆறு மாதம் எழுதினேன். மாடிப்படியில் நீ நிற்கிறாய் என்று பிப்ரவரியிலேயே அவன் எழுதியிருந்தான். வாசித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனவள்தான் நானும்.

அவன் பயந்தவன். ஆனால் கேட்பான். உட்காரவைத்துச் சொல்.

வேளைக்கு மாத்திரை சாப்பிடு.

அக்கா

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உன் புதுக் காதுக்கருவி எப்படி இருக்கிறது? போனில் பேசலாம் என்று எழுதியிருந்தாய். எனக்கு இன்னும் கடிதம்தான் வசதி.

அவளுக்கு இன்னும் மூன்று மாத மாத்திரை பாக்கி. மார்ச்சில் ஸ்கேன். ரத்தம் ஏறியிருக்கிறது. லிஃப்டைச் சரிசெய்துவிட்டார்கள், இருந்தாலும் படியில்தான் ஏறுவேன் என்கிறாள். நான் பின்னால் ஏறுகிறேன்.

அவள் அக்டோபரிலேயே எனக்குச் சொல்லிவிட்டாள். உனக்கு எழுதியதையும் சொன்னாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய் மூன்று மணி நேரம் நடந்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம் அக்கா, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அப்புறம் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம், ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தோம்.

போன வாரம் அந்தப் பரிசோதனை நிலையத்துக்கு இருவரும் போனோம். அதே நர்ஸ், அதே தொட்டிச்செடி. நடந்ததை நான் சொன்னேன். அப்புறம் கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதப் பதியறதுக்கு இதுல ஒரு கட்டமே இல்லயே சார்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டிப்போவில் பேச ஒருநாள் வருகிறேன், இதையே அங்கேயும் சொல்வீர்களா என்று கேட்டாள். சரி என்றேன். அங்கே எனக்கு என்ன பெயர் வைக்கப்போகிறார்களோ.

திரும்பும்போது இருவரும் பயணிகளாகப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தோம். என்னால் அடக்க முடியவில்லை. "ஏப்ரல் ஒம்பதுலேர்ந்து ஜூலை இருபத்தொம்பது வரைக்கும் நூத்திப் பதினோரு நாள். அதுக்குள்ளதான் அந்த ஒரு முடிச்சுக்குப் போயிருக்குமோன்னு தெனமும் நெனைக்கறேன்" என்றேன். டாக்டரிடம் இதைப் பலமுறை கேட்டுவிட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்கிறார்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நானும் எண்ணிட்டுத்தான் இருக்கேன். எல்லாத்தையும் நீங்களே வச்சுக்காதீங்க" என்றாள். "ஆளுக்கு அம்பத்தஞ்சு."

"மிச்சம் ஒண்ணு நிக்குதே?"

விரலை மடக்கிப் பார்த்தாள்.

"அத உங்க அக்காவுக்குக் குடுங்க. அவங்களும் நம்ம வீட்டு ஆளுதானே. விட்டா கோச்சுக்குவாங்க."

நான் சிரித்துவிட்டேன். முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவள் தன் எரிகிற கையை என் கைமேல் வைத்தாள், எங்கள் நிறுத்தம் வரும்வரை எடுக்கவில்லை.

ஆகவே அக்கா, உன் பங்கு ஒரு நாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் எழுது.

உன் தம்பி
உடன், அவளும்